கிரேன் மேல் ஏறிப் பார்த்த அரிப்பு

எங்கள் ஓய்வு பெற்ற செவிலியர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: மன அழுத்தமும் சரும நலமும். பத்துக் குறிப்புகளாக எழுதினால் படிக்க வசதியாக இருக்கும் என்றார் செயலாளர். நிறையத் தண்ணீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள், கவலையை விடுங்கள் என்று பத்து வரி எழுத நான் எதற்கு? விடு என்றதும் விடுவதற்குக் கவலை என்ன பீடியா? எனக்குத் தெரிந்தது ஒரு தொழிற்சாலை, ஒரு டாக்டரம்மா, ஒரு கிரேன். அதை எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பட்டும்.

நான் வியாசர்பாடிக்காரி. எங்கள் குடியிருப்பு வரிசையில் வெள்ளைப் புடவை கட்டி வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். நர்சிங் பள்ளியில் மூன்று வருடம் ஊசி போடவும் கட்டுக் கட்டவும் வாயை அடக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். முதல் இரண்டும் நன்றாக வந்தன. மூன்றாவது வரவே இல்லை. அதனால் வந்த வினையைத்தான் கொஞ்ச நேரத்தில் சொல்லப்போகிறேன்.

திருவொற்றியூரில் கனமான இரும்புத் தகடுகளை வளைத்துச் செய்யும் ஒரு தொழிற்சாலை. அதன் டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருடம் இருந்தேன். தீப்பட்டது, கண்ணில் பொடி விழுந்தது, விரல் நசுங்கியது, இதெல்லாம் எங்களுக்கு அன்றாடம். ஆனால் தோல் என்று வந்தால் எங்களிடம் ஒரே பெயர்தான் இருந்தது, ஆயில் அலர்ஜி. ஒரே மருந்துதான் இருந்தது, ரோஸ் கலரில் ஒரு லோஷன். எவன் எங்கே சொறிந்துகொண்டு வந்தாலும் பாட்டிலைக் குலுக்கி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தோல் மருத்துவர் ஒருவரை வாரத்தில் இரண்டு நாள் வரவழைத்தார்கள். டாக்டர் பத்மாவதி. ஒல்லியான உருவம், கதர்ப் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. முதல் நாளே என் ரோஸ் பாட்டிலை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த அம்மா பார்க்கும் விதமே வேறு. நோயாளி உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, பிறகுதான் தொடுவார். பேனா முனையால் தள்ளிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. கையில் அரிப்பு என்று வந்தவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகு, முழங்கை, கணுக்கால், தலைமயிருக்குள் வரை பார்ப்பார். வேலையில் என்ன தொடுகிறாய், எதை வைத்துக் கை கழுவுகிறாய், வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டு, சர்க்கரைக்கு ரத்தமும் எடுக்கச் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தக் கடைசிக் கேள்வி வரும். நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாளாச்சு?

"வசந்தா, இந்தக் கேள்வியை முதல்ல கேட்கக்கூடாது. முதல்ல கேட்டா, நீ சோம்பேறித்தனமா அவன் தலையில பழி போடுறேன்னு அர்த்தம்" என்று என்னிடம் சொன்னார். மனது தோலைக் கெடுக்கும் என்பதை எனக்கு அந்த அம்மா விளக்கியது நாலே வரியில். கவலை வந்தால் உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. அந்த நேரத்தில் தோலைப் பழுது பார்ப்பதை ஒத்திப்போடுகிறது. தோல் வறண்டு அரிக்கிறது, அரித்தால் சொறிகிறோம், சொறிந்தால் தடிக்கிறது, தடித்தால் இன்னும் அரிக்கிறது. இந்த வளையத்தை எங்கேயாவது ஒரு இடத்தில் வெட்ட வேண்டும், மருந்து அதற்கு ஒரு கத்தி மட்டும்தான் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வந்தது. பெயர்தான் விருப்ப ஓய்வு. வருகைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸ் வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டில் உபரி ஆட்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். பெயர் வந்தவன் தானாக விரும்பிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த நாளில் ஒட்டுவார்கள், எந்தப் பிரிவு என்று யாருக்கும் தெரியாது. காலையிலும் ஒட்டுவார்கள், சாப்பாட்டு மணிக்குப் பிறகும் ஒட்டுவார்கள். போர்டு முன்னால் பத்துப் பேர் கூடினால் தொழிற்சாலை முழுக்க வேலையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடும். அந்த மாதங்களில் என் ரிஜிஸ்தரில் அரிப்பு, தடிப்பு, தலையில் வட்டமாக முடி கொட்டல் என்று வரிசையாக விழுந்தன. எண்ணெயே தொடாத குமாஸ்தாக்களும் சொறிந்துகொண்டு வந்தார்கள்.

பிரகாசம் வந்தது அப்போதுதான். முழுப் பெயர் ஞானப்பிரகாசம், ராயபுரத்துக்காரர், யார்டில் இருந்த பெரிய கிரேனின் ஆபரேட்டர். ஐம்பது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் தனியாள். தகட்டை ஒரு பூவை வைக்கிற மாதிரி இறக்குவார் என்று பெயர். அவருடைய இடது கைப் புறத்திலும் மணிக்கட்டிலும் தோல் யானைத்தோல் போலத் தடித்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. வலது கணுக்காலில் இன்னொரு திட்டு. தொற்றுநோய் என்று வதந்தி கிளம்பிவிட்டது. கேன்டீனில் அவருடைய டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அவருக்கு அடுத்த ஷிப்டு வரும் ஆபரேட்டர்கள், அவர் பிடித்த லீவரை, காட்டன் வேஸ்ட் என்ற நூல் கழிவை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். கை இப்படியே இருந்தால் மெடிக்கல் போர்டில் வைத்து கிரேனுக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடப் போவதாக நிர்வாகம் கடிதம் கொடுத்திருந்தது. அப்படி ஒரு தாள் கையில் இருந்தால் இந்தியாவில் எந்த கிரேனும் அவரை ஏற்றாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது சொறிந்து சொறிந்தே வந்த தடிப்பு, யாருக்கும் ஒட்டாது என்றார். களிம்பு எழுதி, ஒரு தாளில் மணிக்கணக்காகக் கட்டம் போட்டு, சொறியும் போதெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னார். அடுத்த முறை பிரகாசம் வெறும் தாளை ஜன்னலில் நீட்டினார். நான் சொறியறதே இல்ல சிஸ்டர் என்றார். பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். எனக்கு அன்று கூட்டம் அதிகம், கோபமும் அதிகம். "உனக்கு வியாதி கையில இல்ல நைனா, மண்டையில கீது" என்று கத்திவிட்டேன்.

வரிசை சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு லூசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் டிஸ்பென்சரிப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் கையில் ஊற்றிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். ஊற்றும்போது சுகமாக இருக்கும். அரை மணியில் இரண்டு மடங்கு அரிக்கும்.

டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கை கழுவிக்கொண்டே, "சத்தமா சொன்னதைச் சத்தமாவே திருப்பி எடு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போய், எல்லோரும் பார்க்கப் பிரகாசத்தின் முன்னால் நின்று, நான் பேசியது தப்பு, உங்கள் நோய் நிஜமான நோய், அதைச் சொல்லத் தெரியாமல் வாயை விட்டேன் என்றேன். டாக்டரம்மாவும் பின்னாலேயே வந்தார். பிரகாசத்தின் எதிரே உட்கார்ந்து, அந்தப் புண் கையைத் தன் வெறும் கையால் பிடித்துக்கொண்டு, அவர் டம்ளரில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அந்த லீவரில் தடவும் மண்ணெண்ணெய்தான் வெடிப்பை ஆறவிடாமல் எரிக்கிறது, இனி யாராவது துடைத்தால் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம். எப்போது சொறிகிறார்? அவருக்கே தெரியவில்லை, அவர் பொய் சொல்லவும் இல்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் ஏறுகிறேன் என்றேன். பாதுகாப்பு அதிகாரி குதித்தார். பெண்களைக் கிரேனில் ஏற்ற விதி இல்லை என்றார். ஏற்றக்கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றார் டாக்டரம்மா. அதிகாரி இரண்டு நாள் தேடினார், கிடைக்கவில்லை.

சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகத் தைத்த பாய்லர் சூட்டில் ஸ்டோரில் இருந்ததிலேயே சின்னதை வாங்கி, அதன் காலையும் கையையும் நாலு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு, காலை ஷிப்டில் ஏணி ஏறினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. கீழே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். பாதி ஏணியில் குனிந்து பார்த்தேன், தலை கிறுகிறுத்தது. இறங்கினால் ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவார்கள் என்ற ஒரே பயத்தில் மேலே ஏறிவிட்டேன்.

கூண்டில் அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நோட்டும் பென்சிலுமாக இருந்தேன். கீழே சிக்னல் காட்டுபவர் மஸ்தான் பாய். கை அசைவைப் பார்த்துத்தான் கிரேன் நகரும், மேலே கத்தினால் காதில் விழாது. கொக்கியில் பாரம் தொங்கும்போது பிரகாசம் சொறியவே இல்லை. இரண்டு கையும் லீவரில், கண் பாயின் கையில். பாரம் இறங்கி, அடுத்த தகட்டுக்குச் சங்கிலி மாட்டும் வரை சும்மா இருக்கும் நேரத்தில்தான் வலது கை தானாக இடது கைக்குப் போனது. அதுவும் எல்லா முறையும் இல்லை. சில முறை கொஞ்சமாக, சில முறை தோல் உரியும்படி. வித்தியாசம் என்ன என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. பத்து மணி வாக்கில் அவர் மூர்க்கமாகச் சொறிய ஆரம்பித்தார். அவர் கண் போன திசையில் நானும் பார்த்தேன்.

கண்ணாடிக்கு நேர் எதிரே, யார்டுக்கு அப்பால், டைம் ஆபீஸ் வாசல். போர்டு முன்னால் கூட்டம். தலைகள் தெரிந்தன, ஒட்டியிருந்த வெள்ளைத் தாள்கூடத் தெரிந்தது. எழுத்து மட்டும் தெரியவில்லை. மாற்று ஆள் வரும் வரை ஆபரேட்டர் கூண்டை விட்டு இறங்கக்கூடாது. தரையில் இருப்பவன் ஓடிப்போய்ப் படித்துவிட்டு மூச்சு விடுவான். இவர் மணிக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று ஒட்டியிருந்தது கேன்டீன் நேரம் மாறிய அறிவிப்பு. அது எங்களுக்கு இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

என் நோட்டைக் காட்டினேன். பிரகாசம் அதை வாங்கி வரி வரியாகப் படித்தார். பிறகு, "பேரு கீதா இல்லியான்னு தெரிஞ்சா போதும் சிஸ்டர். இருந்தா இருக்கட்டும். தெரியாம குந்திகினு கீறேன் பாரு, அதான் பேஜாரு" என்றார்.

டாக்டரம்மா சிகிச்சையை எழுதினார். எனக்கு அது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் செய்தது நான். தினமும் ஷிப்டு முடிந்ததும் இடது கையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைப்பேன். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் களிம்பை மெல்லிசாகத் தடவி, பருத்தித் துணி வைத்து, அதன்மேல் இழுபடும் எலாஸ்டிக் கட்டு. இரத்த ஓட்டம் தடைபடாமல், அதே நேரம் நகம் உள்ளே போகாமல் கட்ட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி அரத்தால் ராவி விடுவேன். அது வீரியமான களிம்பு, அதனால் இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு முறை, கடைசியில் வெறும் தேங்காய் எண்ணெய். மெடிக்கல் ஷாப்பில் அவராகப் போய் அதே டியூபை வாங்கக்கூடாது என்று அவருடைய மனைவியைக் கூப்பிட்டும் சொன்னோம். வெந்நீருக்குத் தடா. அரித்தால் சொறிவதற்குப் பதிலாக ஈரத்துணியை அழுத்திப் பிடித்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். எவ்வளவு மெதுவாக என்று கேட்டார். வெறும் கொக்கியை நீங்கள் இறக்குகிற வேகத்தில் என்றேன் நான். டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு கிரேன் ஏறியிருப்பேன்.

சீட்டின் கடைசி வரியாக, போர்டில் தாள் ஒட்டினால் நோயாளிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மருந்தைக் கொடுக்க வேண்டியவர் மஸ்தான் பாய். தாள் ஒட்டியதும் அவர் ஓடிப்போய்ப் படித்துவிட்டு, கிரேன் சிக்னலோடு குழம்பாமல் இருக்கப் போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று காட்ட வேண்டும். பெயர் இல்லை என்றால் இரண்டு கையையும் விரிப்பது. இருந்தால் தலையில் கை வைக்கட்டுமா என்று கேட்டார் பாய். "தலையில கை வெக்காத பாய், எவனோ செத்துப் பூட்ட மாதிரி கீது" என்றார் பிரகாசம். ஒரு கையை நேராகத் தூக்குவது என்று முடிவானது.

டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு தடவைகூடப் பொய் காட்டக்கூடாது. அவர் மனசு நோகுமே என்று ஒரு நாள் பொய்யாகக் கையை விரித்தாலும், அப்புறம் எந்த நாளும் அவர் நம்பமாட்டார், மருந்து செத்துப்போகும் என்றார்.

மெடிக்கல் போர்டு கூடுவதற்கு ஆறு வாரம் அவகாசம் வாங்கியிருந்தோம். பாய் கையை விரித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரத்தில் கசிவு நின்றது. நான்காவதில் தடிப்பு மெலிந்தது. ஐந்தாவதில் பழைய தோலின் ரேகைகள் திரும்பி வந்தன. மெடிக்கல் போர்டில் நிர்வாக அதிகாரி பிரகாசத்தின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காரணம் என்னவென்று கேட்டார். மண்ணெண்ணெயும் உங்கள் நோட்டீஸ் போர்டும் என்றார் டாக்டரம்மா. அதிகாரியின் முகம் போன போக்கை நான் ஓரத்தில் நின்று ஆசைதீரப் பார்த்தேன். கிரேன் இயக்கத் தகுதியானவர் என்று எழுதினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன். அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, மஸ்தான் பாய் டிஸ்பென்சரிக்குள் மூச்சிரைக்க வந்தார். யார்டு பிரிவுப் பட்டியல் வந்துவிட்டது. கிரேனையே நிறுத்தப் போகிறார்கள். பிரகாசத்தின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

"சிஸ்டர், மேல லோடு தொங்கிகினு கீது. அவன் எனக்காவ காத்துகினு கீறான். இன்னிக்கு ஒரு நாளு கைய விரிச்சிடட்டா? சாயங்காலம் நம்ம பக்குவமா சொல்லிக்கலாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்கும் அதுதான் தோன்றியது. ஆறு வாரம் நான் கட்டி ஆற்றிய கை அது. ஒரு நிமிடத்தில் பழையபடி ஆகிவிடுமோ என்று பயந்தேன். டாக்டரம்மா அன்று வரவேண்டிய நாள்தான், இன்னும் வந்து சேரவில்லை. முடிவு என் தலையில் விழுந்தது. "லோடு தரைக்கு வர்ற வரைக்கும் போர்டாண்ட போவாதீங்க பாய். எறங்கினதும் இருக்கிறத காட்டுங்க" என்றேன்.

இருவரும் யார்டுக்குப் போனோம். பாய் சிக்னல் காட்ட, தகடு வந்தது, ஒரு முனை தொட்டு, மறு முனை தொட்டு, சத்தமில்லாமல் படுத்தது. சங்கிலியைக் கழற்றினார்கள். பாய் போர்டுக்கு நடந்து போய், மேலே பார்த்து, ஒரு கையைத் தூக்கினார். மேலே கண்ணாடிக்குப் பின்னால் பிரகாசமும் ஒரு கையைத் தூக்கினார், புரிந்தது என்று. அடுத்த தகட்டுக்குப் பாயை வரச்சொல்லிக் கொக்கியை நகர்த்தினார்.

ஷிப்டு மணி அடித்த பிறகுதான் இறங்கி வந்தார். நான் கேட்காமலேயே சட்டைக் கையைச் சுருட்டி மேஜைமேல் நீட்டினார். ஒரு கீறல் இல்லை. "அரிக்கல சிஸ்டர். வவுறு எரியிது, அது வேற. நீங்க மறைச்சிருந்தா நான் இன்னிக்கு ரெண்டு கையையும் பிச்சிகினு இருப்பேன்" என்றார். பிறகு துறைமுகத்தில் கிரேனுக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார், எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்த நேரம் அது. டாக்டரம்மா வந்ததும், இதுவரை பார்த்தே இராத நோயாளியைப் பார்ப்பதுபோல் அவரைத் தலை முதல் கால் வரை பரிசோதித்து, தகுதிச் சான்று எழுதிக் கொடுத்தார். அங்கேயும் மருத்துவப் பரிசோதனை இருந்தது. தேறிவிட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடித்த கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ குடித்து முடித்துக் கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் அவர் இடது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் லீவர் பிடித்த இடத்தில் புதுக் காய்ப்பு இருந்தது. புண் இல்லை. வேலை செய்கிற கை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. அந்தக் கையில் என் வேலையும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.